ரெட்வுட் க்ரீக்கா, டாம் சாயர் தீவா? டிஸ்னிலேண்டில் பலரும் தாண்டிப் போகும் இரண்டு இடங்கள்

கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்டும் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் எதிரெதிரே வாசல் வைத்த இரண்டு பூங்காக்கள். பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடித் திரிய இரண்டிலும் ஓர் இடம் உண்டு. டிஸ்னிலேண்டில் டாம் சாயர் தீவு, எதிர்ப் பூங்காவில் ரெட்வுட் க்ரீக் சேலஞ்ச் ட்ரெயில். நூறு டாலருக்கு மேல் கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டு விளையாட்டுத் திடலிலா நேரத்தைக் கழிப்பது என்று பலரும் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழு வயது மகளோடு இரண்டுக்கும் போய்வந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

வயதில் மூத்தது தீவு. பூங்கா திறந்த மறு வருடம், 1956 ஜூனில் வந்தது. வால்ட் டிஸ்னி தானே உட்கார்ந்து அதன் வரைபடத்தைத் திருத்தி வரைந்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஆரம்ப நாட்களில் அங்கே பிள்ளைகள் தூண்டில் போட்டு மீன்கூடப் பிடித்திருக்கிறார்கள். 2007-இல் தீவுக்குக் கடற்கொள்ளையர் வேடம் போட்டார்கள்; புதையல் பெட்டிகளும் எலும்புக்கூடுகளும் வந்து சேர்ந்தன. எனக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை. மரமும் குகையும் ஆறுமே போதுமான இடம் அது.

தீவின் பெரிய பலம், அங்கே போய்ச் சேரும் விதம். தெப்பத்தில் ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றபடிதான். கரை விலக விலக, பின்னால் கூட்டத்தின் இரைச்சல் குறைந்துகொண்டே வருவது காதுக்கே தெரியும். அக்கரையில் இறங்கினால் குறுகலான குகைகள், தொங்கு பாலம், பீப்பாய்களின் மேல் பலகை பரப்பிய மிதவைப் பாலம். இரண்டு பேர் சேர்ந்து குதித்தால் மூன்றாவது ஆள் கைப்பிடியைத் தேடுவார். பெற்றவர்களுக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு: தெப்பம் ஏறாமல் எந்தப் பிள்ளையும் தீவை விட்டு வெளியே போக முடியாது.

ரெட்வுட் க்ரீக், பூங்காவோடு சேர்ந்தே 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கரடித் தலை வடிவத்தில் நிற்கும் கிரிஸ்லி மலையின் பக்கத்தில், ஆற்றுச் சவாரிக்குப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஓரத்தில் இருக்கிறது. மரக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் கயிற்றுப் பாலங்கள், வலைகள், பாறைச் சறுக்குகள். தவழும் வயதைத் தாண்டிய சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடத் தாழ்வாகக் கரடி உருவப் பாறைகளும் இருக்கின்றன. இது கலிஃபோர்னியாக் காடுகளின் சாயலில் கட்டியது. மலை உச்சிகளில் காட்டுத்தீயைக் கண்காணிக்க வனத்துறை எழுப்பிய கோபுரங்களின் நகல்தான் அந்தக் கோபுரங்கள். (ரெட்வுட்டை யாராவது செம்மரம் என்று சொன்னால் நம்பாதீர்கள். நம் செம்மரம் வேறு. இது வட கலிஃபோர்னியாக் கடலோரப் பனிமூட்டத்தைக் குடித்து நூறு மீட்டருக்கு மேல் வளரும் ஊசியிலை மரம்.) ஆயிரம் ஆண்டு கடந்த ஒரு ரெட்வுட்டின் குறுக்கு வெட்டை அங்கே நிறுத்தி, வளையங்களின் மேல் வரலாற்று நிகழ்வுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நடுவிலிருந்து பட்டை வரை விரலால் வளையங்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே போன மகள், பாதியில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்புறம் அந்தக் கயிற்றுப் பாலம். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையில் கீழே தரை தெரியும். நடுவில் போய் நின்றுவிட்டாள். இரண்டு கையும் கயிற்றை இறுகப் பிடித்திருந்தன, கால் மட்டும் நகரவில்லை. பின்னால் வந்த பையன் தள்ளவில்லை, காத்திருந்தான். “அப்பா, நீங்க பேசாதீங்க” என்றாள். பேசாமல் கீழே நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும், ஒவ்வோர் அடியாக வைத்துக் கடந்துவிட்டாள். பிறகு அதே பாலத்தில் நான்கு முறை போய்வந்தாள். அன்று ஏறிய எந்தச் சவாரியைப் பற்றியும் வீட்டில் இவ்வளவு பேசவில்லை.

ட்ரெயிலில் ஒரு குகையும் உண்டு. பாறையில் பதித்த கைத்தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால், உங்களுக்கான விலங்கு எது என்று சொல்லும். குகை என்று பார்த்தால் தீவின் குகைகளே மேல். அங்கே இருட்டு கொஞ்சம் நிஜம்போல இருக்கும்.

மூன்றாவதாக, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், யுனிவர்சல் பூங்காவில் இருக்கும் கேம்ப் ஜுராசிக்கையும் சொல்ல வேண்டும். 1999-இல் வந்தது. கால் வைத்தால் உறுமும் டைனோசர் தடங்கள், தண்ணீர்த் துப்பாக்கிகள், அம்பர் சுரங்கம் என்று அளவில் பெரியது. ஆனால் அது நாட்டின் மறுகோடி. கலிஃபோர்னியா வருகிறவர் தேர்வு செய்ய வேண்டியது முதல் இரண்டில்தான்.

என் ஓட்டு ரெட்வுட் க்ரீக்குக்கு, குறிப்பாக ஐந்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால். தீவு ஒளிந்து விளையாடும் இடம். ட்ரெயில் பயத்தோடு மல்லுக்கட்டும் இடம். ஏறி இறங்கக் கை கால் முழுக்க வேலை இருக்கிறது. கீழே நின்றபடியே பிள்ளையைப் பெரும்பாலும் கண்ணில் வைத்துக்கொள்ளலாம். தீவின் குகைக்குள் அது நடக்காது. மூன்று தலைமுறையாகப் போகிறவர்கள் என்றால் தீவு நல்லது, ஆற்றங்கரையில் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்.

தீவைத் தள்ளிப் போட வேண்டாம் என்றும் சொல்வேன். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இதே பெயரில் 1973 முதல் இருந்த தீவை, ஆற்றோடு சேர்த்து 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். புதிய சவாரிகளுக்கு அந்த இடம் தேவைப்பட்டதாம். அனஹைமிலும் ஸ்டார் வார்ஸ் பகுதியைக் கட்டுவதற்காக 2016-இல் தீவை மூடி, ஆற்றின் நீளத்தைக் குறைத்து, மறு வருடம்தான் திறந்தார்கள்.

இரண்டு பூங்காவுக்கும் ஒரே நாளில் சீட்டு இருந்தால், தீவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சியின் மேடையே அந்தத் தீவின் முனைதான் என்பதால் இருட்டுவதற்கு முன்பே தெப்பத்தை நிறுத்திவிடுவார்கள். ட்ரெயிலும் பொழுது சாயும்போது மூடிவிடும். அதனால் மூன்று, நான்கு மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள்.