நாயும் பூனையும் நாடு மாறும்போது: காத்திருப்பு இங்கேயா, அங்கேயா?

தம்பிக்கு வெளிநாட்டு வேலை வந்தபோது அலுவலகம் நான்கு ஊர்களைச் சொல்லி, எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள் என்றது: ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், சிங்கப்பூர், அட்லாண்டா. சம்பளம், வாடகை, பிள்ளைகளின் பள்ளி என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். வீட்டில் 17 கிலோ எடையில் மணி என்ற நாட்டு நாயும் 4 கிலோவில் சுந்தரி என்ற பூனையும் இருப்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. ‘இவற்றை விட்டுவிட்டு நான் வரமாட்டேன்’ என்று தம்பி மனைவி சொன்ன பிறகுதான் விதிகளைப் படிக்க உட்கார்ந்தோம். காகித வேலை வழக்கம்போல அக்காவாகிய என் தலையில் விழுந்தது.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பக்கம் பக்கமாக விதி இருந்தாலும் எல்லாம் ஒரே நோயைச் சுற்றித்தான் ஓடுகின்றன: ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். இந்தியாவில் அது இன்னும் ஒழியவில்லை. அதனால் தடுப்பூசிச் சான்றை மட்டும் காட்டினால் போதாது. இரத்தம் எடுத்து, அதில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருப்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். டைட்டர் பரிசோதனை என்பது இதுதான். அதில் தேறிய பிறகும் மாதக்கணக்கில் ஏன் காக்க வைக்கிறார்கள் என்று முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. ஊசி போடுவதற்கு முன்பே நாய் கடிபட்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இந்த நோய் உடலுக்குள் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும்; வெளியே தெரியும்வரை நாய் நன்றாகவே இருக்கும். அந்தச் சந்தேகம் தீரும்வரை நாய் நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்குமா, போய் இறங்கிய நாட்டின் கூண்டிலா என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. நான்கு ஊர்களையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

ஊர் எதுவானாலும் நாய்க்குத் தொடக்கம் ஒன்றுதான். தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி. இந்த ‘அதன் பிறகு’ என்ற சொல்லில்தான் நாங்கள் வழுக்கி விழுந்தோம். மணியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஜனவரியில் ஊசி, மார்ச்சில் சிப். எந்த நாய்க்கு ஊசி போட்டீர்கள் என்பதைச் சிப் எண்தானே சொல்ல வேண்டும்? சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய வில்லை, முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தும் அந்தப் பக்கம் வெறும் காகிதமாகிவிட்டது. ஊசி போட்ட மருத்துவர், “யாரும் இதைக் கேட்டதில்லையே” என்றார். மறுபடி ஊசி, மறுபடி முதல் நாள்.

ஃபிராங்க்ஃபர்ட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குத்தான் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் போக வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் ஏறக்குறைய நான்கு மாதம், அத்தனையும் நம் வீட்டில். அங்கே போய் இறங்கினால் கூண்டு கிடையாது. பூனைக்கும் இதே கணக்குதான். சிறிய பிராணிகள் நம்முடனே விமானத்துக்குள் வரலாம். லுஃப்தான்சாவில் பையையும் சேர்த்து 8 கிலோ வரை அனுமதி. சுந்தரி காலடியில், மணி அடித்தளத்தில்.

சிரமம் கடைசிப் பத்து நாளில்தான். சுகாதாரச் சான்றிதழ் அரசு கால்நடை அதிகாரியிடமிருந்து வர வேண்டும். அது வழங்கப்பட்ட 10 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். படிவம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பொருந்தாத வரிகளை அடிக்க வேண்டும். அடித்த ஒவ்வொரு இடத்திலும் அதிகாரியின் சுருக்கொப்பமும் முத்திரையும் வேண்டும். மணியின் சிப் எண்ணை நான் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, தம்பி மனைவி படிவத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பதினோராவது இலக்கத்தில் விரல் நின்றது. “அக்கா, இது ஆறா, எட்டா?” தடுப்பூசிப் புத்தகத்தில் எட்டு, படிவத்தில் ஆறு. அன்று அது கண்ணில் படாமல் போயிருந்தால் நான்கு மாதக் காத்திருப்பும் ஓர் இலக்கத்தில் கவிழ்ந்திருக்கும்.

லண்டனுக்கும் ஊசி, 30 நாள், இரத்தம், 3 மாதம் என்று அதே வரிசைதான். நாய்க்குக் கூடுதலாக நாடாப்புழு மருந்து உண்டு. அதுவும் போய் இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் மருத்துவர் கையால் கொடுத்து, நேரத்தையும் அவரே குறிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்கு முன் வெளிநாட்டு நாய் என்றாலே அங்கே 6 மாதச் சிறை. அதை நினைத்தால் இன்றைய விதி கருணை மிக்கது. ஆனால் விமானத்தில்தான் முகம் மாறுகிறது. விமானத்தில் பிரிட்டனுக்கு வரும் நாயும் பூனையும் சரக்காகத்தான் வர முடியும். 4 கிலோ சுந்தரியும் சரக்குதான். சரக்கு என்றால் ஏஜெண்ட், சுங்கத் தாள்கள், கட்டணம் என்று நீளும். ஒரே காத்திருப்புக்கு ஒரு நாடு பூனையை மடிக்கருகே வைத்துக்கொள்ள விடுகிறது, இன்னொன்று பெட்டிகளோடு பெட்டியாக ஏற்றுகிறது. பாரிஸ் வரை விமானத்தில் போய், அங்கிருந்து காரோடு ரயிலேறி ஆங்கிலக் கால்வாயைக் கடப்பவர்களும் இருக்கிறார்கள். இரு பக்க விதிகளும் பொருந்த வேண்டும் என்பதால் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

அட்லாண்டாவைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ரேபிஸ் விஷயத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது நாயை மட்டும்தான். பூனைக்கு மத்திய அரசு ரேபிஸ் ஊசிச் சான்றே கேட்பதில்லை. நோயில்லாமல் தெரிந்தால் போதும். (ஹவாய் மட்டும் தனி ராஜ்யம்: அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலிருந்து போகும் நாய்க்கும் பூனைக்குமே அங்கே தனிமைப்படுத்தல் விதி உண்டு. விமான நிறுவனம் தன் பங்குக்கு எதையாவது கேட்பதும் வேறு கதை.) நாய்க்கோ 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதிகள். ஆறு மாத வயது நிரம்பியிருக்க வேண்டும், சிப் வேண்டும், இறக்குமதிப் படிவம் வேண்டும். இந்தியா, இலங்கை போல ரேபிஸ் அபாயம் மிகுந்த பட்டியலில் உள்ள நாடு என்றால் அரசு கால்நடை அதிகாரி மேலொப்பமிட்ட ஊசிச் சான்று, டைட்டர் முடிவு, மையத்தில் பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு என்று பட்டியல் நீளும். அந்த நிலையம் உள்ள விமான நிலையங்கள் சிலவே. அட்லாண்டா அவற்றில் ஒன்று. அமெரிக்க மண்ணில் நாய் முதலில் இறங்குவதே அங்கேயாக இருக்க வேண்டும். வேறு ஊரில் இறங்கி உள்நாட்டு விமானம் மாற முடியாது. நிலையத்தில் பரிசோதித்து, மறுபடி ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். டைட்டர் முடிவு இல்லாவிட்டால் 28 நாள் அங்கேயே அடைப்பு, செலவு நம்முடையது.

நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் அமெரிக்காதான் விரைவு. முதல் ஊசிக்கு 30 நாள் கழித்து இரத்தம், இரத்தம் எடுத்து 28 நாள் கழிந்தால் நாய் உள்ளே போகலாம். ஏறக்குறைய இரண்டு மாதம், ஐரோப்பாவில் பாதி. பூனை மட்டும் உள்ள வீடு என்றால் அட்லாண்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். எங்களுக்கோ நீண்ட பயணம், நடுவில் விமானம் மாற்றம், நிலையக் கட்டணம் எல்லாம் சேர்ந்து தராசு எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

சிங்கப்பூர் நான்கு மணி நேரப் பயணம். பக்கத்து ஊர்தானே என்று நினைத்தால் கூண்டு இருப்பது அங்கேதான். 1953 முதல் ரேபிஸ் இல்லாத தீவு அது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நம் நாட்டு நாய், பூனைகளைப் பரிசோதனைக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்துகிறது. வெளியே வந்தாலும் வீட்டுப் பிரச்சினை காத்திருக்கும். பெரும்பாலோர் குடியிருக்கும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் 62 சிறிய இனங்களின் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். ராஜபாளையத்துக்கே அதில் இடமில்லை, மணி எம்மாத்திரம்? தனியார் குடியிருப்பு பார்க்கலாம். வாடகையைக் கேட்டுத் தம்பி அடுத்த ஊருக்குத் தாவினான். பூனைக்காரர்களுக்கு மட்டும் நல்ல செய்தி: பல ஆண்டுத் தடை நீங்கி, 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வளர்க்கலாம்.

ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். ஜப்பானுக்கு 30 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள், வருவதற்கு 40 நாள் முன்பே தகவல். எல்லாம் சரியாக இருந்தால் விமான நிலையச் சோதனை 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 180க்குக் குறைகிற நாட்களை அங்கே கூண்டில் கழிக்க வேண்டும். கண்டிப்பு உண்டு, நாணயமும் உண்டு. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்கோ இந்தியாவிலிருந்து நேரே அழைத்துப்போகவே முடியாது. அந்நாடு ஏற்ற வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டுபோய், மிச்சத் தயாரிப்பை அங்கே முடித்து, பிறகு மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமில் குறைந்தது 10 நாள் அடைப்பு. 2015இல் நடிகர் ஜானி டெப் தம் இரண்டு டெரியர் நாய்களை அறிவிக்காமல் தனி விமானத்தில் கொண்டுபோனபோது, திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அமைச்சரே சொன்ன நாடு அது.

ஆக, ஃபிராங்க்ஃபர்ட். ஒரு தகவலை முன்பே சொல்லியிருக்கலாம்: அங்கே நாய்க்கு நகராட்சி வரி உண்டு, பூனைக்கு இல்லை. பிட்புல் வகை நாய்களை உள்ளே விடுவதில்லை. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பயணக் கூண்டை வாங்கிக் கூடத்தில் வைத்தோம். நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும் என்பது விமான விதி. மணி முதல் வாரம் அதைச் சுற்றி நடந்தான், இரண்டாம் வாரம் பழைய போர்வையை உள்ளே போட்டதும் தூங்கப் போனான். மயக்க மருந்து கொடுக்கச் சொல்லி உறவினர்கள் அறிவுரை சொன்னார்கள். மருத்துவர் கூடவே கூடாது என்றார்.

இறங்கியதும் அதிகாரி கருவியை மணியின் கழுத்தில் ஓட்டினார், எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டார், முடிந்தது. எட்டு எட்டாகவே இருந்தது. அடுத்த பூஸ்டர் ஊசியின் கெடு ஒரு நாள் தவறினாலும் டைட்டர் செல்லாது போகும் என்பதால், அந்தத் தேதியைத் தம்பி மனைவி அங்கே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, எனக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.