சம்பளமில்லாத நாலு வாரமா, சம்பளத்தோடு ஆறு மாதமா?

வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குபவரை மறுபடி வேலையில் உட்கார வைக்க, பிரிட்டனில் நேரெதிரான இரண்டு திட்டங்கள் அடுத்தடுத்து ஓடின.

முதலாவது ஃபியூச்சர் ஜாப்ஸ் ஃபண்ட். 2009 அக்டோபரில் லேபர் கட்சி அரசு தொடங்கியது. பெரும்பாலும் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு. ஆறு மாதம், வாரம் குறைந்தது 25 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத சம்பளம். ஒரு வேலைக்கு அரசு 6,500 பவுண்டு வரை கொடுத்தது. மொத்தம் 1,05,000 வேலைகளுக்கு மேல். பெரும்பாலும் நகராட்சியிலும் தொண்டு அமைப்புகளிலும்தான்.

2010 மே மாதம் கன்சர்வேட்டிவ் கட்சி தலைமையில் கூட்டணி அரசு வந்ததும், செலவைக் காட்டி இதை மூடுவதாக அறிவித்தது. ஒரு வருடம் கழித்து வந்தது மேண்டேட்டரி ஒர்க் ஆக்டிவிட்டி. பெயரிலேயே கட்டாயம் இருக்கிறது. ஜாப் சென்டர் (உதவித்தொகையைக் கவனிக்கும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) அதிகாரி கை காட்டினால் நாலு வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம் வரை போய் உழைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. போகாவிட்டால் 13 வாரம் உதவித்தொகை நிற்கும். 25 வயது நிறைந்தவருக்கு அப்போது உதவித்தொகை வாரத்துக்கு 67.50 பவுண்டு. 30 மணியால் வகுத்தால் மணிக்கு 2.25. 2011 அக்டோபரில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 6.08!

பலரை அனுப்பியது தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய துணிக்கடைகளுக்கு. மூட்டை பிரித்து, கறை பார்த்து, ஹேங்கரில் மாட்டி, விலைச்சீட்டு குத்துகிற வேலை. கேவலமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நேர்காணலில் "கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? முதல் திட்டத்துப் பையனிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அவனைப் பற்றிச் சொல்ல ஒரு மேலாளரும் உண்டு. இவரிடம் ஜாப் சென்டர் அனுப்பிய கடிதம்தான்.

இரண்டையும் அரசுத் துறையே 2012இல் ஆராய்ந்து வெளியிட்டது. கட்டாய உழைப்பால் வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடவில்லை. உதவித்தொகையை விட்டு விலகியவர்களும் சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். சம்பள வேலையில் சேர்ந்தவர்களோ இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அரசு மானியம் இல்லாத வேலையில் இருக்கும் வாய்ப்பு 11 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. பலன் தந்ததை அதற்குள் மூடியாயிற்று. பலன் தராததை அந்த ஜூனிலேயே விரிவாக்கினார்கள். எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு.

முதல் திட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. ஆள் ஒன்றுக்கு ஆன செலவு அதிகம், தனியார் கம்பெனிகளும் அதில் பெரிதாகச் சேரவில்லை. அந்தக் குறையைச் சரிபண்ணி வந்ததுபோலத்தான் 2020இல் கொரோனா நேரத்து கிக்ஸ்டார்ட் இருந்தது: தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். மற்றபடி அதே ஆறு மாதம், அதே 25 மணி நேரம், அதே குறைந்தபட்ச ஊதியம். அறிவித்தது, முன்னதை மூடிய அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் நிதியமைச்சர் ரிஷி சுனக்.