மதுரை வெயிலில் இரண்டு ஸ்பிளிட் ஏசிகள்: பல கோடைகளின் பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் 2019 முதல் இரண்டு ஸ்பிளிட் ஏசிகள் இயங்கி வருகின்றன. மாடிப் படுக்கையறையில் இருப்பது 1.5 டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வகை, அதாவது தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது. தரைத்தளத்தில் அம்மா உறங்கும் அறையில் இருப்பது 1 டன், மூன்று நட்சத்திரம். இரண்டு அறைகளும் ஏறத்தாழ 12-க்கு 12 அடிதான். ஒரே அளவுள்ள அறைகளுக்கு இரண்டு வெவ்வேறு கொள்ளளவு எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கான விடையில்தான் ஏசி தேர்வின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் ஏசி நல்லது என்று விசாரிப்பதில் வாரக்கணக்கில் செலவிடுகிறோம். ஆனால் கூரை எப்படி இருக்கிறது, அவுட்டோர் யூனிட் எங்கே நிற்கப்போகிறது, குழாயை இணைப்பவர் எவ்வளவு பொறுமையாக வேலை செய்வார் என்பவற்றுக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. இத்தனை கோடைகளுக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது, பின்னவைதான் ஏசியின் ஆயுளையும் மின்கட்டணத்தையும் தீர்மானிக்கின்றன என்பதே.

முதலில் கூரை. எங்கள் மாடி அறைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், சூரியன் மறைந்த பிறகுதான் தன் வெப்பத்தை அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. கத்திரி வெயில் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் உள்கூரையைத் தொட்டால் கை சுடும். அதாவது நாம் உறங்கப் போகும் நேரத்தில்தான் ஏசியின் மீது சுமை மிகுதியாக ஏறுகிறது. தரைத்தள அறைக்கு மேலே இன்னொரு அறை இருப்பதால் அதற்கு இந்தத் துன்பம் இல்லை. கடைகளில் சதுர அடிக்கு இத்தனை டன் என்று சொல்லும் கணக்கில் இந்த வேறுபாடு இடம்பெறுவதே இல்லை. 1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். நடுத்தளத்தில் 150 சதுர அடி அறைக்கு அது தாராளமாகப் போதும். மேல்தளத்தில், மேற்குச் சுவரும் வெயில் படும்படி இருந்தால், அதே அறைக்கு அது திணறும். மாடி அறைக்கு 1.5 டன் என்று முடிவு செய்தது இதனால்தான். அத்துடன் மொட்டை மாடியின் பழைய தட்டோடுகளின் விரிசல்களை அடைத்து, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும் பூசினோம். பூச்சுக்குப் பின்னர் அறை குளிர எடுத்துக்கொள்ளும் நேரம் வெளிப்படையாகவே குறைந்தது. கொள்ளளவை அரை டன் கூட்டுவதற்கு முன்னால் கூரையைக் கவனியுங்கள் என்று நண்பர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்குவதும் நல்லதல்ல. குறிப்பாகச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. அறை விரைவாகக் குளிர்ந்து கம்ப்ரஸர் அடங்கிவிட்டால், ஈரத்தைப் பிழிந்தெடுக்கப் போதிய நேரம் ஏசிக்குக் கிடைப்பதில்லை. குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். மதுரையின் ஏப்ரல், மே மாத வெப்பம் பெரும்பாலும் வறண்டது என்பதால் இந்தச் சிக்கல் எங்களுக்குக் குறைவு.

நட்சத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வழங்கும் அந்த லேபிளில் நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமான இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று ஐ.எஸ்.இ.இ.ஆர். எனப்படும் பருவகாலத் திறன் எண், அதாவது செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறது என்ற கணக்கு; மற்றொன்று ஆண்டு மின்நுகர்வு. எங்கள் மாடி ஏசியின் திறன் எண் 4.7. வாங்கிய ஆண்டில் 4.5 இருந்தாலே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் அளவுகோலைக் கடுமையாக்கி, ஐந்து நட்சத்திரத்துக்கு 5.0 வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எங்கள் ஏசி நான்கு நட்சத்திரம்தான். ஆகவே கடையில் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தரும்போது லேபிளில் அச்சிடப்பட்டுள்ள செல்லுபடிக் காலத்தைப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிடத் திறன் எண்களை ஒப்பிடுவதே சரியானது. ஆண்டு மின்நுகர்வு என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 இரவுகள் என்று வைத்துக்கொண்டால் அது எங்கள் மாடி அறையின் பயன்பாட்டுக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. நான் ஒப்பிட்ட மூன்று நட்சத்திர, ஐந்து நட்சத்திர ஏசிகளின் லேபிள்களுக்கு இடையே ஆண்டுக்கு 200 யூனிட்டுக்குச் சற்று மேல் வேறுபாடு இருந்தது.

அந்த 200 யூனிட்டின் மதிப்பு எவ்வளவு என்பது நம் மின்வாரியத்தின் படிக்கட்டுக் கட்டணத்தைப் பொறுத்தது. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 401 முதல் 500 வரையிலான யூனிட்டுகளுக்கு 6.45 ரூபாய். 501-லிருந்து 600 வரை 8.55 ரூபாய். அதற்கு மேலே இன்னும் ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்து வந்த சலுகையும் குறைந்துவிடுகிறது. விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, மோட்டார் எல்லாம் முதல் படிகளை நிரப்பிவிடுவதால், ஏசி இழுக்கும் யூனிட்டுகள் எப்போதும் உயர்ந்த படியின் விலையில்தான் வந்து விழுகின்றன. 200 யூனிட்டை 8.55 ரூபாயால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,710 ரூபாய். இரண்டு வகைகளுக்கும் விலை வேறுபாடு 8,000 ரூபாய் என்றால் ஐந்தாம் ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். நாள்தோறும் ஓடும் மாடி அறைக்கு ஐந்து நட்சத்திரம் நியாயமானது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மட்டும், அதுவும் சில மணி நேரம் ஓடும் அம்மாவின் அறைக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பவே நெடுங்காலம் ஆகும். ஆகையால் அங்கே மூன்று நட்சத்திரமே போதுமென்று வைத்தோம். இன்றும் அந்த முடிவு சரியாகவே படுகிறது.

லேபிளில் உள்ள குளிர்விக்கும் திறன், வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி என்ற நிலையில் அளக்கப்படுவது. மதுரையில் மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெயில் நேரே விழும் சுவரருகே அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். அந்த நேரத்தில் ஏசி தன் முழுத் திறனைத் தராது, மின்சாரத்தையும் கூடுதலாக இழுக்கும். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்பது இதனால் அழகு சார்ந்த கேள்வியாக இல்லாமல் திறன் சார்ந்த கேள்வியாகிறது. நாங்கள் வடக்குச் சுவரில், மாடிப் பால்கனியின் திறந்த பக்கத்தில் வைத்தோம். குழாய் நீளம் சற்றுக் கூடியது, அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் வெயில் படாமல், முன்னால் தடையில்லாமல், மெக்கானிக் நின்று வேலை செய்ய இடமுள்ளதாக அமைந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவுட்டோர் யூனிட்டைத் துணி துவைக்கும் ஒடுங்கிய இடத்தில் வைத்து, முன்னால் கம்பிவலையும் மரத்தட்டியும் அடைப்பதைப் பார்க்கிறேன். அது வெளியே தள்ளிய சூடான காற்றையே மீண்டும் உறிஞ்சிக்கொண்டு திணறுகிறது. இன்னும் சிலர் நான்காம் மாடியின் வெளிச்சுவரில், கைக்கு எட்டாத இடத்தில் தொங்க விடுகிறார்கள். அங்கே ஏறி வேலை செய்பவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளைதான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பொருத்தும் நாளில் வீட்டில் இருந்து கவனிக்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. செம்புக் குழாய்களை இணைத்த பிறகு, அவற்றுக்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்யூம் பம்ப் வைத்து முழுமையாக வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே வால்வைத் திறந்து, குளிரூட்டும் கேஸைக் குழாய்க்குள் விட வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் பம்பைக் கொண்டுவராமலே, சிறிதளவு கேஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் ஆயிலைக் கெடுப்பது பின்னாளில்தான் தெரியும். இப்போது பரவலாக உள்ள ஆர் 32 கேஸ் ஓரளவு தீப்பற்றக் கூடியது என்பதாலும், காற்றில் விடப்பட்டால் புவி வெப்பமாதலைக் கூட்டுவது என்பதாலும் அந்தப் பழக்கத்தை அனுமதிக்கவே கூடாது. பம்ப் இல்லாமல் வந்தவரை மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வரும்படி அன்போடு திருப்பி அனுப்பினோம். அவரும் முகம் சுளிக்காமல் வந்து, நல்லபடியாக முடித்துக் கொடுத்தார். மின்வழிக்காக, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி இணைப்பும், மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி.-யும், ஒழுங்கான எர்த்தும் முன்கூட்டியே செய்து வைத்திருந்தோம்.

பழுதுகள் இரண்டு வந்தன. தரைத்தள ஏசியில் மூன்றாம் கோடையில் குளிர்ச்சி குறைந்தது. அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய குழாயில் வெண்பனி படிந்திருந்தது. கேஸ் குறைந்ததற்கான அடையாளம் அது. வந்தவர் கேஸ் நிரப்பினால் சரியாகிவிடும் என்றார். ஏசிக்குள் இருக்கும் கேஸ், எரிபொருளைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவு காத்திருக்கும். சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொன்னோம். இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால் உள்ள ஃபிளேர் இணைப்பில், அதாவது குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் இடத்தில், குமிழி வந்தது. குழாய் முனையை வெட்டி, புதிதாக ஃபிளேர் செய்து இறுக்கிய பிறகே கேஸ் நிரப்பினார்கள். அதற்குப் பின் கசிவு இல்லை. கம்ப்ரஸருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், இத்தகைய கேஸ் செலவு அதில் அடங்குவதில்லை என்பதையும் வாங்கும்போதே படித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது பழுது பல்லியால் வந்தது. நம் ஊர்களில் இது அரிதான செய்தி அல்ல. மழைக்காலத்தில் கதகதப்பைத் தேடி அவுட்டோர் யூனிட்டுக்குள் புகுந்த பல்லி, ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்பலகையின் (பி.சி.பி.) இரண்டு முனைகளைத் தொட்டுவிட்டது. மின்பலகைக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் செலவு ஏசி விலையில் கணிசமான பங்காகியிருக்கும். இன்வெர்ட்டர் ஏசி வாங்குவோர் கம்ப்ரஸர் உத்தரவாதத்தைவிட மின்பலகையின் உத்தரவாதத்தையே முதலில் கேட்க வேண்டும். ஒயர் நுழையும் இடைவெளிகளை இப்போது அடைத்துவிட்டோம். குழாயின் மேலுறையை அணில் கடிப்பதால் அதற்கும் பி.வி.சி. உறை போட்டிருக்கிறோம்.

தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகில் இருக்கும் என் தங்கை வீட்டில் நிலைமை வேறு. அங்கே உப்புக்காற்றுதான் பகை. ‘காப்பர் ஏசி’ என்று விற்கப்படுவதில் குழாய்தான் செம்பு, அதைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் பெரும்பாலும் அலுமினியமே. பூச்சில்லாத அந்தத் தகடுகள் உப்பில் அரித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்துபோயின. இரண்டாவதாக வாங்கியதைப் பாதுகாப்புப் பூச்சு உள்ள வகையாகத் தேர்ந்து, அவுட்டோர் யூனிட்டை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி வருகிறார்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் எங்கள் வழக்கம் 26 அல்லது 27 டிகிரி, கூடவே மெதுவாகச் சுழலும் மின்விசிறி. 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் பெறும் ஏசிகள் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. மாடி ஏசி தொடங்கும்போது 1.5 கிலோவாட் அருகே இழுத்து, அறை குளிர்ந்த பின் 400, 500 வாட்டுக்கு இறங்கிவிடுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் கீழ் அறையில் இன்டோர் யூனிட்டைக் கட்டிலின் நீளவாக்குச் சுவரில் வைத்து, காற்று கால்மாட்டைத் தாண்டிப் போகும்படி அமைத்தோம். முதியவர்கள் உள்ள வீட்டில் நட்சத்திரக் கணக்குக்கு முன்பே இதை யோசிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுகிறோம். பங்குனி பிறப்பதற்குள் ஏசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் சர்வீஸை முடித்து, தண்ணீர் வடியும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்கிறோம். வெயில் ஏறிய பிறகு மெக்கானிக் கிடைப்பதே அரிது.

அடுத்து கூடத்துக்கும் ஒன்று வாங்கத் திட்டமிட்டுள்ளோம். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது சற்று உதவும். கூடத்தில் மாலையில் மூன்று மணி நேரம்தான் ஓடும் என்பதால் மூன்று நட்சத்திர, 1.5 டன் இன்வெர்ட்டர் போதும் என்பது எங்கள் கணக்கு. கூட்டம் இல்லாத நாளில் கொள்ளளவைக் குறைத்து ஓட்டும் வசதி இருந்தால் நல்லது, வைஃபை வேண்டியதில்லை. அவுட்டோர் யூனிட்டுக்குக் கிழக்குச் சுவரில் இடம் பார்த்தாயிற்று, தனி ஒயரும் இழுத்தாயிற்று. இரண்டு நிறுவனங்களில் எதற்கு எங்கள் பகுதியில் சர்வீஸ் ஆட்கள் விரைவாக வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் வாங்கிவிடுவோம்.