அயுத்தயாவில் ஒரு மலிவு கெஸ்ட் ஹவுஸ்: வாரக்கணக்கில் தங்கிய அனுபவம்

தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் காலையில் பாங்காக்கிலிருந்து கிளம்பி, நாலு கோயில் சுற்றி, மரவேருக்குள் இருக்கும் புத்தர் தலையைப் படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். எனக்குக் கையில் எழுத்து வேலை இருந்தது. பாங்காக்கின் வாடகையும் சத்தமும் கட்டுப்படியாகவில்லை. அதனால் மழைக்காலத்தின் பின்பாதியில் போய், ஒரு மலிவான கெஸ்ட் ஹவுஸில் ரூம் எடுத்து, வெயில் தணிந்து காற்று மாறும்வரை இருந்தேன். ஒரு ராத்திரி தங்கியவர்கள் எழுதும் மதிப்புரைகளில் "சுத்தம், நல்ல இடம், அன்பான ஓனர்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அதே ரூமில் துணி காயப்போட்டு, காய்ச்சலில் படுத்து, கரன்ட் போய் வியர்த்துக் கிடந்தால்தான் மற்றது தெரியும்.

முதலில் இடம். அயுத்தயாவின் பழைய நகரம் ஒரு தீவு. சாவோ பிரயா, பா சாக், லோப்புரி ஆகிய மூன்று ஆறுகளும் அதைச் சுற்றி ஓடுகின்றன. ரயில் நிலையம் தீவில் இல்லை, கிழக்கே பா சாக் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டுக்டுக் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி நேராக எதிர்ச் சந்தில் நடந்தால் படகுத்துறை. சில்லறைக் காசுக்கு இரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடுவார்கள். அங்கிருந்து சாவ் ப்ரோம் சந்தையைக் கடந்து, நரேசுவன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் நுழைந்தால் வரிசையாக கெஸ்ட் ஹவுஸ்கள். நான் இருந்தது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். அங்குள்ள பல வீடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

பழைய மரவீடு. மாடியில் ஃபேன் ரூம்கள், பாத்ரூம் பொது. கீழே பின்பக்கம் சிமென்ட்டில் புதிதாகக் கட்டிச் சேர்த்த ஏசி ரூம்கள், உள்ளேயே பாத்ரூம். இந்த வகை வீடுகளில் ஃபேன் ரூம் ஒரு நாளைக்கு 300 பாத்தை ஒட்டி, ஏசி ரூம் 500, 600 என்று போகும். ஒரு பாத்தை இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் இருக்கப் போவதாகச் சொன்னால் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் மாதக் கணக்கில் பேசும்போது கரன்ட் தனியா, சேர்த்தா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். தனி என்றால் யூனிட்டுக்கு அவர்கள் வைக்கும் விலை அரசு விலையைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஏசி போடுகிறவர்களுக்கு வாடகையில் குறைத்தது மீட்டரில் போய்விடும்.

நான் ஏசி ரூமிலிருந்துதான் தொடங்கினேன். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டதும் சுவரில் ஈரம் இறங்கி, அலமாரியில் வைத்த சட்டையெல்லாம் மக்கல் வாடை அடிக்க ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே காம்பவுண்டுச் சுவர், காற்றே வராது. மாடி ஃபேன் ரூம் காலியானதும் கேட்டு வாங்கி மாறிக்கொண்டேன். பகலில் தகரக் கூரை காய்வதால் மதியம் அங்கே உட்கார முடியாது என்பது உண்மை. ஆனால் சூரியன் இறங்கிய ஒரு மணி நேரத்தில் பலகைச் சுவர் குளிர்ந்துவிடும். இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவிட்டால் ராத்திரி ஃபேனைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அந்த ஊரில் மாடி ஃபேன் ரூம் கீழ் ஏசி ரூமைவிட நல்லது. ஏப்ரல் வெயிலில் போகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மரவீட்டுக்கு விலை சத்தம். பக்கத்து ரூம்காரர் இருமினால் இங்கே கேட்கும். யாராவது நடு ராத்திரி பாத்ரூம் போனால் மாடியே முனகும். இது தவிர கூரைக்குள் ஒரு பெரிய பல்லி குடியிருந்தது. டொக்கே என்பார்கள், அது கத்தும் சத்தமே அதன் பெயர். நம் வீட்டுப் பல்லியின் "உச்" கொட்டல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முதல் நாட்களில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அது கத்தாத ராத்திரி ஏதோ குறைவது போல் இருந்தது. இளைஞர் பட்டாளம் ஒன்று வந்து வராந்தாவில் பீர் பாட்டில் திறந்தால் மட்டும் அப்படியெல்லாம் பழகவே முடியவில்லை. காதடைப்பான் அவசியம்.

பாத்ரூம் விஷயத்தில் நம்மவர்கள் கவலைப்பட வேண்டாம். தாய்லாந்தில் எவ்வளவு மலிவான விடுதியிலும் கழிப்பறையில் கைப்பிடித் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஐரோப்பாவில் மூன்று மடங்கு காசு கொடுத்தும் கிடைக்காத வசதி அது. குளிக்கும் இடமும் கழிப்பறையும் ஒரே தரை என்பதால் எப்போதும் ஈரம்தான். நல்ல ரப்பர் செருப்பு ஒன்று அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வெளிச்செருப்பு போடக்கூடாது என்ற வழக்கம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே வரும் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அறிவிப்புப் பலகை. போன் சார்ஜரின் இரண்டு முள் அப்படியே பொருந்தும். மடிக்கணினியின் மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் கொண்டுபோங்கள்.

குறைகள் என்று பார்த்தால், ஜன்னல் வலை. ஓரமெல்லாம் கிழிசல். சொன்னேன், சரி என்றார்கள், கடைசிவரை சரிசெய்யவில்லை. டெங்கு உள்ள நாடு, மழைக்காலம் வேறு. நானே சந்தையில் வலைத்துணி வாங்கி டேப் போட்டு ஒட்டினேன், தினம் கொசுவர்த்தியும் ஏற்றினேன். வைஃபை மாடியில் ஒரு மூலையில்தான் பிடித்தது. வீடியோ அழைப்பு உள்ளவர்கள் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்வதுதான் வழி. இன்னொன்று, சனி ஞாயிறு. பாங்காக்கிலிருந்து கூட்டம் வந்துவிடும். ஒரு வார இறுதியில் என் ரூமை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, "இரண்டு நாள் மட்டும் கீழே இருங்களேன்" என்றார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள்தான், ஆனாலும் எரிச்சலாக இருந்தது. அந்த இரண்டு நாளுக்கு வாடகை வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கார அம்மா அதிகம் பேசமாட்டார். மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினால் பதிலைச் செயலிக்கே சொல்வார். காய்ச்சல் வந்தபோது கேட்காமலே காலையில் அரிசிக் கஞ்சி வந்தது, பில்லில் வரவில்லை. வந்த அன்றே பாஸ்போர்ட் காப்பி எடுத்துக்கொண்டார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். விசா நீட்டிக்க நினைப்பவர்கள் அந்தப் பதிவைச் செய்தார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பின்னால் அலைச்சல் மிஞ்சும். ஸ்கூட்டர் வாடகைக்கு அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள், முன்பணம் கொடுத்துச் சமாளியுங்கள்.

அன்றாடச் செலவை இழுத்துப் பிடித்தது தெருவில் இருக்கும் மெஷின்கள். குடிதண்ணீர் மெஷினில் ஒரு பாத் போட்டால் சுமார் ஒரு லிட்டர் வரும், பழைய பாட்டிலைக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளலாம். காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் சந்துக்குச் சந்து உண்டு. சைக்கிள் ஒரு நாள் வாடகை 50 பாத் அளவில். நீண்ட நாளுக்கு என்றால் பேசிக் குறைக்கலாம். எடுக்கும்போது பிரேக்கையும் பூட்டையும் பாருங்கள், சீட்டு உயரம் அப்புறம்.

சாப்பாடு. இதில்தான் இந்த ஊர் என்னை உட்கார வைத்தது. விடியற்காலையில் சாவ் ப்ரோம் சந்தைக்குள் போனால் சோயாப் பாலும், எண்ணெயில் பொரித்த குட்டி மாவுத்துண்டுகளும் கிடைக்கும். இதற்கு மேல் காலை உணவுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மதியம் எங்கே திரும்பினாலும் நூடுல்ஸ். படகு நூடுல்ஸ் என்று சின்னக் கிண்ணத்தில் தருவது இந்தப் பக்கத்துக்குப் பேர்போனது, ஒரு காலத்தில் வாய்க்கால் படகுகளிலேயே சமைத்து விற்றதாம். அந்தக் குழம்பின் கருப்பு நிறத்துக்கும் கெட்டிக்கும் காரணம் அதில் ஊற்றும் ரத்தம். தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். ஆற்று இறாலும் இங்கே பிரசித்தம். நெருப்பில் பிளந்து வாட்டித் தருவார்கள், தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்புக்காகவே பாங்காக்கிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு தட்டின் விலை என் ரூம் வாடகையைத் தாண்டியதால் அடிக்கடி நடக்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மையாகச் சொன்னால் கஷ்டம். காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு விழுந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட "ஜே" கடைகளைத் தேடுங்கள், அங்கே மீன் சாறும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும் சீனர்களின் சைவ விழா நாட்களில் மட்டும் ஊர் முழுக்க மஞ்சள் கொடிதான். சைவர்கள் முடிந்தால் அந்தச் சமயம் பார்த்துப் போகலாம்.

இனிப்பு என்றால் ரொட்டி சாய் மாய். தீவின் தென்மேற்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஊ தோங் சாலையோரமாக வரிசையாகக் கடைகள், நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். மெல்லிய ரொட்டியும், நூல் நூலாக இழுத்த சர்க்கரையும் தனித்தனிப் பையில் தருவார்கள். நாமே உருட்டிச் சாப்பிட வேண்டும். ஈரக்காற்றில் சர்க்கரை நூல் கட்டியாகிவிடும். ரூமுக்குக் கொண்டுபோய் மறுநாள் சாப்பிடலாம் என்ற திட்டம் பலிக்காது.

இனி கோயில்கள். எல்லாவற்றையும் பட்டியல் போடப் போவதில்லை. 1350-இல் தலைநகராகி, 1767-இல் பர்மியப் படை எரித்து அழிக்கும்வரை நானூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட ஊர் இது. தலையில்லாத புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எல்லாப் பழியையும் பர்மியர் மேல் போடுகிறார்கள். பிறகு பாங்காக்கைக் கட்டும்போது இங்கிருந்தே செங்கல் பெயர்த்துப் படகில் கொண்டுபோனதும், புதையல்காரர்கள் தோண்டியதும் இந்த நிலைமைக்குக் காரணம்தான். வாட் ராட்சபூரணவில் (வாட் என்றால் கோயில்) கோபுரத்துக்குள் செங்குத்தான படியில் இறங்கிப் பாருங்கள். யானை மேல் சண்டையிட்டு இருவருமே செத்துப்போன தன் அண்ணன்மாரை எரித்த இடத்தில் அரசனான தம்பி கட்டிய கோயில் அது. அந்த நிலவறையை 1957-இல் கொள்ளையடித்துவிட்டார்கள். மிஞ்சிய தங்கம் சாவோ சாம் பிரயா மியூசியத்தில் இருக்கிறது. ஒரு வெயில் மதியத்தை அங்கே கழிக்கலாம், ஏசியும் உண்டு.

தங்குகிறவனுக்குக் கிடைக்கும் லாபம் நேரம்தான். காலை எட்டு மணிக்கு வாட் மஹாதாட் கேட் திறக்கும்போது போனால், அந்த வேர்ப் புத்தர் முன்னால் நீங்களும் காவலாளியும் மட்டும். (படம் எடுக்கும்போது குந்தி உட்கார வேண்டும். அந்தத் தலையைவிட உயரமாக நம் தலை இருக்கக்கூடாது.) பத்து மணிக்கு மேல் டூர் பஸ்கள் வந்துவிடும், அப்போது ரூமுக்குத் திரும்பி வேலை பார்க்கலாம். சாயங்காலம் அவர்கள் போன பிறகு புவெங் பிரா ராம் பூங்காவில் ஊர்க்காரர்கள் நடக்க வருவார்கள். அங்கே டிக்கெட் கிடையாது, குளமும் பாலமும் இடிந்த கோபுரங்களுமாகப் பரந்த இடம். இருட்டியதும் முக்கியமான சில கோபுரங்களுக்கு விளக்குப் போடுகிறார்கள், வெளியே சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ராத்திரி சைக்கிளுக்குத் தெருநாய்த் தொல்லை அதிகம். துரத்தினால் மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

மழைக்காலத்தில் இருந்ததால் ஆறு ஏறுவதையும் பார்த்தேன். செப்டம்பரில் படகுத்துறைப் படி ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. 2011-இல் வந்த பெருவெள்ளத்தில் தீவே மூழ்கியது, 1630-இல் கட்டிய வாட் சாய்வத்தனாராமுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது ஆறு ஏறும் காலத்தில் அந்தக் கோயிலின் ஆற்றங்கரையில் தடுப்புப் பலகைகளை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் சந்தில் ஒருமுறை கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது. வீட்டுக்கார அம்மா அசரவில்லை, கீழே இருந்த மோட்டாரை மட்டும் மேலே தூக்கி வைக்கச் சொன்னார். செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் கீழ்த்தளத்தைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்த மாதிரி வீடு சரிப்படாது, மாடிப்படி ஏணி மாதிரி நிற்கும். அவர்கள் ஆற்றோரமாக லிஃப்ட் வைத்த ஹோட்டல் பார்த்துக்கொள்ளலாம். தனியாகவோ ஜோடியாகவோ, ஒரு வாரத்துக்கு மேல் இருக்க நினைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன். நவம்பர் பௌர்ணமியில் தண்ணீரில் விளக்கு மிதக்கவிடும் லோய் கிரதோங், டிசம்பரில் உலகப் பாரம்பரிய விழா என்று வரும்போது ரூம் கிடைப்பது சிரமம், வாடகையும் ஏறும். மற்ற நாட்களில் முன்பதிவே தேவையில்லை. காலையில் போய் இறங்கி, மாடியில், தெருப் பக்கம் இல்லாத ரூமாகக் கேட்டு, ஜன்னல் வலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரூமைக் காட்டாமல் பணம் கேட்டால் அடுத்த கெஸ்ட் ஹவுஸ் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது.