நிலைவாசலில் உடைந்த டைல்ஸுக்குப் பதில் ஆத்தங்குடிக் கல்: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

கதவுக்கு நேராக ரெண்டு டைல்ஸ் விரிசல் விட்டால் அதே டைல்ஸைத் தேடி அலைவது வீண். பழைய டிசைன் நின்றுபோயிருக்கும். கிடைத்தாலும் பேட்ச் மாறி நிறம் ஒட்டாது. ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரியும். அதைவிட ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டில் கையால் செய்கிற சிமெண்ட் டைல்ஸை, கரையோடு, பவானி ஜமுக்காளம் விரித்த மாதிரி பதித்துவிட்டால், வீடு கட்டும்போதே போட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஒரே டைல்ஸ் உடைந்திருந்தாலும் கதவின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். டைல்ஸ் இணைப்பு கதவின் நடுவே விழுந்தால் ரெண்டு டைல்ஸ் போதும். விழாவிட்டால் பக்கத்து டைல்ஸையும் சேர்த்து அறுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கினால் வேலை ஒட்டாகவே நிற்கும்.

கணக்கில் பலரும் ஏமாறுவது இங்கேதான். கடையில் 2×2 அடி என்று சொல்வது 24 அங்குலம் இல்லை, 600 மி.மீ. ரெண்டு டைல்ஸ் எடுத்த இடம் 1200×600 மி.மீ. உள்ளே 8 அங்குல ஆத்தங்குடிக் கல் 5×2 வரிசையில் 10 வேண்டும். சுற்றிலும் கருப்பு கிரானைட் பட்டை. 4 அங்குலத்துக்குப் பட்டை அறுத்து வந்தால் உட்காராது. இணைப்பு இடைவெளி போக முன்பின் பட்டைக்குச் சுமார் 95 மி.மீ., இரு ஓரப் பட்டைக்குச் சுமார் 90 மி.மீ.தான் மிஞ்சும். அகலம் வேறுபடுவதால் மூலையைச் சாய்வாக வெட்டாமல், நீளப் பட்டையை முழுசாக ஓடவிட்டுக் குட்டைப் பட்டையை நடுவில் முட்டவிடுவது நல்லது. கைவேலைக் கல் என்பதால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கல்லைத் தரையில் அடுக்கிப் பார்த்த பிறகே பட்டையை அறுக்கச் சொல்லுங்க.

அறுக்கும் முன் சுற்றியுள்ள டைல்ஸைத் தட்டிப் பாருங்க. டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. அதுவும் சீக்கிரம் போய்விடும். முதலில் இணைப்பில் கட்டிங் மெஷினை ஓட்டிப் பிரித்துவிட்டு, நடுவில் உடைத்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் உளி வைத்தால் நல்ல டைல்ஸின் விளிம்பும் பெயர்ந்துவிடும். பழைய டைல்ஸ் 10 மி.மீ., ஆத்தங்குடியும் கிரானைட்டும் கிட்டத்தட்ட 20 மி.மீ. ஆகவே பழைய கலவையையும் கொத்தி எடுத்து, மொத்தம் 40 முதல் 45 மி.மீ. ஆழம் வேண்டும். மேஸ்திரிகள் தட்டிக்கழிக்கிற வேலை இது. ஆழம் குறைந்தால் கல் மேடாக நின்று கால் தடுக்கும்.

கலவை 1:4. சுமார் ஏழரை கிலோ சிமெண்ட், முக்கால் கன அடி எம்-சாண்ட் போதும். ஆத்தங்குடிக் கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பதிக்கணும், சுத்தியலால் தட்டக் கூடாது, கையால் அமுக்கினால் போதும். இணைப்பில் வெள்ளைச் சிமெண்ட் பூசியதும் உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும். கிரானைட்டும் பழைய டைல்ஸும் சேரும் வெளிச் சுற்றுக்கு மட்டும் எபாக்ஸி என்கிற பிசின் கலவை. மூன்று நாள் பின்வாசல் வழியாகத்தான் புழக்கம்.

பட்டைக்குக் கடப்பாக் கல் மலிவு, ஆனால் வேண்டாம். அமாவாசைக்கு எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி நிலைவாசலின் ரெண்டு பக்கமும் வைக்கிற வழக்கம் இங்கே கோவைப் பக்கம் உண்டு. கடப்பா சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்ட இடம் வெளுத்துப்போகும், பிறகு தேய்த்தாலும் வராது. சிமெண்டில் செய்த ஆத்தங்குடிக்கும் அதே கதிதான். கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. அதனால்தான் ஓரத்தில் கிரானைட், நடுவில் ஆத்தங்குடி.

புழங்கப் புழங்க ஆத்தங்குடிக்கு மெருகு ஏறுகிறது. சிறுவாணித் தண்ணீரில் துடைக்கும் வீடுகளில் கிரானைட் பளபளப்பு அப்படியே இருக்கிறது. போர்த் தண்ணீரில் துடைத்தால் வெள்ளை உப்பு படிகிறது. அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் நடுக்கல்லின் நிறம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி குறையும். சாரல் அடிக்கிற பொள்ளாச்சிப் பக்கத்தில் திறந்த திண்ணைக்கு ஆத்தங்குடிக் கல் சரிவராது. அங்கே சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கிரானைட்டே நடுவிலும் போடலாம். எதைப் போட்டாலும் ரெண்டு கல்லைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்க.