திடீரென அணையும் கணினிக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ எவ்வளவு உதவும்?

வேலைக்கு நடுவே சட்டென்று அணைந்துபோகும் கணினியில் முதலில் நிறுவ வேண்டிய இலவச மென்பொருள் இதுதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தை அல்ல. காரணத்தைத் தேட, வெப்பம், ஃபேன் வேகம், வோல்ட் அளவுகளை சென்சார்களிலிருந்து படித்துக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ கைகொடுக்கிறது.

திறக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’யை டிக் செய்யுங்கள். கீழே உள்ள லாக்கிங் பொத்தானை அழுத்தி, கோப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். 2 விநாடிக்கு ஒரு வரி விழும். அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசிப் பத்து வரிகளே போதும். சிபியு வெப்பம் 78, 89, 97 டிகிரி என்று ஏறி, பதிவு அங்கேயே நின்றிருந்தால் சூடுதான் காரணம். ஃபேன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 0 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுகிறது என்றால் சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தூசியை நீக்கி, இரண்டுக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். 60 டிகிரியில் அமைதியாக ஓடி, வரி பாதியில் அறுந்திருந்தால் சந்தேகம் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கம் போக வேண்டும். கேம் தொடங்கியதுமே அணைகிறது என்றால் இன்னும் அதிகமாக.

பெரிய குறை, 12 வோல்ட் அளவு. மதர்போர்டு சென்சார் சரியில்லாவிட்டால் நம்ப முடியாத எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு கம்பி மோலெக்ஸ் இணைப்பின் மஞ்சள், கறுப்பு கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்து, லோடு இருக்கும்போது 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்கிறதா பாருங்கள். கண நேரச் சரிவு இரண்டிலும் சிக்காது. அதற்கு வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே வழி.