ஜூலை நான்கு விருந்துக்குக் கொடி கேக்கா, கடல்பாசியா?

ஹூஸ்டனுக்கு மேற்கே எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்தில் முடிகிறது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, ஒவ்வொரு வருடமும், அங்கே நீள மேசைகளைப் போட்டு, பதினான்கு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து வைப்போம். காலையில் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் வண்ணக் காகிதம் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். நாலு மணிக்குச் சாப்பாடு. இனிப்பு என் பொறுப்பு என்று ஆகி ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் அமெரிக்கக் கொடி மாதிரி அலங்கரித்த கொடி கேக் இரண்டு முறையும், ஜெலட்டின் அடுக்கு ஒரு முறையும், கடற்பாசித் தூளைக் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி என்ற இனிப்பு இரண்டு முறையும் செய்திருக்கிறேன். இந்த வருடம் எதைச் செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கடல்பாசிக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடி கேக்கைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 9-க்கு 13 அங்குலத் தட்டில் வெனிலா கேக், அதன் மேல் வெள்ளை க்ரீம், இடது மேல் மூலையில் ப்ளூபெர்ரி, மற்ற இடத்தில் ஸ்ட்ராபெர்ரி வரிகள். இரண்டு பழமும் கோடையில் மலிவாகக் கிடைக்கும். பிள்ளைகளை உட்காரவைத்து அடுக்கச் சொல்லலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாலே என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அசல் கொடியில் 13 வரிகள், 50 நட்சத்திரங்கள். 9 அங்குல அகலத்தில் பாதி ஸ்ட்ராபெர்ரியை வைத்து 13 வரி எடுக்க முடியாது, ஏழோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ருசியிலும் குறை கிடையாது. உள்ளே, குளிர்ந்த அறையில் வைத்துப் பரிமாறுகிறவர்கள் யோசிக்காமல் இதையே செய்யலாம்.

சிக்கல் எல்லாம் வெயிலில்தான். ஜூலை மாதம் ஹூஸ்டனில் நாலு மணிக்கு 35 டிகிரி சாதாரணம், கூடவே கடலோரப் புழுக்கம். அடித்த க்ரீம் என்பது வெண்ணெய்க் கொழுப்பு காற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு ஏற்பாடு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், க்ரீம் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். இரண்டாவது வருடம் கேக்கை ஓக் மரத்து நிழலில்தான் வைத்தேன். அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ராபெர்ரியும் தன் பின்னால் இளஞ்சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு சரிவுப் பக்கமாக நகர ஆரம்பித்தது. ப்ளூபெர்ரிகள் ஒவ்வொன்றாக உருண்டு தட்டின் ஓரத்தில் சேர்ந்தன. முந்தின ராத்திரி மகளும் நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அடுக்கியது அது. அவள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பார்வைக்குக் கெட்டால் கூடச் சாப்பிட்டுவிடலாம். ஆனால் அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது: கெட்டுப்போகக்கூடிய உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது சுமார் 32 டிகிரிக்கு மேல் போனால், ஒரே ஒரு மணி நேரம்தான். எங்கள் ஊர் ஜூலைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு. கேக்கோ ஒரே துண்டு. பாதியை உள்ளே வைத்துவிட்டு மீதிப் பாதியை மேசைக்குக் கொண்டுவந்தால் அது கொடி கேக்காகவே இருக்காது. ஐந்து மணிக்கு மீந்த பாதியைக் குப்பையில் கொட்டினேன். வெண்ணெய் இல்லாமல், வனஸ்பதி மாதிரியான கெட்டிக் கொழுப்பில் செய்த க்ரீம் வெயிலைத் தாங்கும் என்கிறார்கள். அண்ணத்தில் ஒட்டும் அந்த ருசி எனக்குப் பிடிக்காததால் நான் செய்து பார்த்ததில்லை.

சரி, ஜெலட்டின். நியூயார்க் மாநிலத்து லிராய் ஊரில் 1897-இல் ஜெல்-ஓ என்ற ஜெலட்டின் இனிப்பு பிறந்ததிலிருந்து அமெரிக்க வீடுகளில் இதற்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அடுக்காகக் கண்ணாடித் தட்டில் உறையவைப்பார்கள். வெள்ளைக்கு கண்டென்ஸ்டு மில்க். அழகுதான். ஆனால் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி, மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எங்கள் வீட்டுக்கு ஹலால் வேண்டும், தெருவில் மூன்று வீட்டார் சுத்த சைவம். ஹலால் ஜெலட்டின் தேடி வாங்கி ஒரு முறை செய்தேன். வீட்டுக்குள் பிரமாதமாக நின்றது. வெளியே கொண்டுபோனதும் ஓரங்கள் கரைந்து மூன்று நிறமும் கலந்துவிட்டன. உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே ஜெலட்டின் இளகிவிடும், வாயில் போட்டதும் கரைகிற சுகமே அதனால்தான். 35 டிகிரி வெயிலிலும் அதுவேதான் நடக்கும். ஒரு முறை செய்ததை வைத்து மொத்தமாகத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சியாட்டில், மெய்ன் மாதிரிக் குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது.

அந்த ராத்திரி கீழக்கரைக்குப் போன் போட்டேன். நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி இல்லாத நாள் கிடையாது. மின்விசிறிகூட இல்லாத அடுப்படியில், சித்திரை வெயிலில், தட்டில் வெட்டிவைத்த கடல்பாசி சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். உம்மாவிடம் நடந்ததைச் சொன்னதும், “ஏம்மா, நம்ம பாசி இருக்கும்போது எதுக்கு அத வாங்குன?” என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி மாதிரியான கடற்பாசிகளிலிருந்து வருவது இது. இங்கே இந்தியக் கடைகளில் சைனா கிராஸ் என்றும் மற்றக் கடைகளில் அகர் அகர் என்றும் வாங்கலாம். இதன் குணம் ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆறும்போது 35, 40 டிகிரி வாக்கில் உறைகிறது, உறைந்த பிறகு மறுபடி உருக 85 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். டெக்ஸஸ் வெயில் எவ்வளவு முயன்றாலும் அந்த 85-ஐத் தொடாது. வைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும்.

அடுக்கு போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் முறை எனக்கு மூன்று இடத்தில் சறுக்கியது. கேக் செய்யும் அதே 9-க்கு 13 தட்டு போதும். ஒவ்வொரு அடுக்குக்கும் அரை லிட்டர் திரவம், 5 கிராம் பாசித் தூள், சர்க்கரை உங்கள் விருப்பம். தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்து, துளிகூடக் குருணை தெரியாத வரை கொதிக்கவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் அடுக்கு நெறுநெறுவென்று இருக்கும்.

சிவப்பு அடுக்குக்கு ஸ்ட்ராபெர்ரி விழுது. அதைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பழத்தின் புளிப்பு பாசியின் பிடிப்பைக் குறைத்துவிடும். முதல் முறை எனக்கு அது கூழாகத்தான் வந்தது. பாசியைத் தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, இறக்கியபின் விழுதைக் கலக்கவும். விழுது ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கக் கூடாது, பாசி அங்கங்கே திரண்டுவிடும்.

வெள்ளைக்குத் தேங்காய்ப்பால். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கொழுப்பு மேலே மிதந்து, கீழே கலங்கல் தண்ணீரும் மேலே பாலாடையுமாக இரண்டாகப் பிரிந்து உறையும். “கொதி அடங்கணும்மா, ஆனா ஆறிடக் கூடாது, கிண்டிக்கிட்டே இரு” என்பது உம்மாவின் அளவு. பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்க முடிகிற சூடு வரும்போது ஊற்றினால் சரியாக வருகிறது.

நீலத்துக்குச் சங்குப்பூ. ப்ளூபெர்ரியை வேகவைத்துப் பாருங்கள், கத்தரிப்பூ நிறம்தான் கிடைக்கும். காய்ந்த சங்குப்பூ ஒரு கைப்பிடியை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால், சாயம் எதுவும் சேர்க்காமல் ஆழமான நீலம் வருகிறது. எலுமிச்சை பட்டால் ஊதாவாக மாறிவிடும், அதனால் இந்த அடுக்கில் புளிப்புக்கு வேலையே இல்லை. ஸ்ட்ராபெர்ரி அடுக்கைத் தொட்டால் தொடும் இடத்திலும் நிறம் மாறும். நடுவில் தேங்காய்ப்பால் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

மூன்றாவது சறுக்கல் அடுக்குகள் வழுக்கியது. முதல் அடுக்கை ஃப்ரிட்ஜில் முழுசாக உறையவிட்டு, அதன் மேல் அடுத்ததை ஊற்றினேன். வெட்டும்போது மூன்றும் சீட்டுக்கட்டு மாதிரி தனித்தனியே நழுவின. இப்போது விரலால் தொட்டுப் பார்க்கிறேன். விரலில் லேசாக ஒட்ட வேண்டும், ஆனால் குழி விழக் கூடாது. அந்த நேரத்தில் அடுத்த அடுக்கைக் கரண்டியின் பின்பக்கத்தில் விட்டு மெதுவாக வழியவிட்டால் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. காத்திருக்கும் கலவை அதற்குள் உறைந்துபோனாலும் கவலை இல்லை, திரும்பக் காய்ச்சிக்கொள்ளலாம்.

சிவப்பு கீழே, வெள்ளை நடுவே, நீலம் மேலே. இந்த வரிசையை எனக்குச் சொல்லித்தந்தவர் மூன்றாவது வீட்டுப் பெரியவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1942-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக்கிய கொடி நெறிமுறையில், அலங்காரத் துணி கட்டும்போது நீலம் மேலே, வெள்ளை நடுவில், சிவப்பு கீழே வர வேண்டும் என்று இருக்கிறது. கொடியை அச்சடித்த காகித நாப்கின் கூடாது என்பதும் அதில் உண்டு, துடைத்துவிட்டு எறிகிற பொருளில் கொடி இருக்கக் கூடாது என்பதற்காக. மீறினால் தண்டனை ஒன்றும் கிடையாது, தெருவில் பாதி மேசைகளில் அந்த நாப்கின்தான் இருக்கும். ஆனாலும் அவர் என் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, வரிசை சரியாக இருக்கிறது என்று தலையசைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். கொடியையே வரைந்து அதைக் கத்தியால் வெட்டுவதில் எனக்கு முதலிலிருந்தே ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சம் சரியா தவறா என்று வாதாட வரவில்லை. நிறங்கள் மட்டும் இருக்கிற இனிப்பில் அந்தப் பிரச்சினையே இல்லை.

கடல்பாசியிலும் குறை உண்டு. ஜெல்-ஓவின் தளதளப்பு இதில் வராது, பல்லில் பட்டதும் முறிகிற பதம். தளதளப்பை எதிர்பார்த்து வருகிற பிள்ளைகள் முதல் வாயில் கொஞ்சம் யோசிக்கிறார்கள். வெயிலில் நேரம் ஆக ஆக அடியில் தண்ணீர் விடும். முக்கியமாக, உருகவில்லை என்பதற்காகக் கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். தேங்காய்ப்பால் இருக்கிறது, அந்த ஒரு மணி நேர விதி இதற்கும் பொருந்தும். ஆனால் இது சதுரம் சதுரமாக வெட்டிய பண்டம். இருபது துண்டை மேசையில் வைத்து, மீதியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, தீரத் தீர எடுத்துவைக்கலாம். போன வருடம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தவை நாலு துண்டுகள். கொட்டியது எதுவும் இல்லை.

அலங்காரத்திலும் வெயிலையும் மழையையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. க்ரேப் காகிதத் தோரணம் மலிவு, கட்டுவது சுலபம், ஆனால் எங்கள் ஊரில் பிற்பகல் இடிமழை வந்தால் சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளை மேசைவிரிப்பைக் கறையாக்கிவிடும். பருத்தித் துணியில் அரைவட்ட விசிறி மடிப்பு தைக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. மூன்றாவது வருடமாக அதே துணிதான், துவைத்து மடித்து வைக்கிறேன். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் வெட்டுவதை விட்டுவிடாதீர்கள். காகிதத்தை ஐந்து மடிப்பு மடித்து ஒரே வெட்டில் ஐங்கோண நட்சத்திரம் எடுக்கும் வித்தையை, ஃபிலடெல்ஃபியாவின் தையல்காரர் பெட்ஸி ராஸ் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் செய்து காட்டினார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய பேரன் 1870-இல் சொன்ன குடும்பக் கதை அது, வரலாற்று ஆதாரம் இல்லை. வித்தை மட்டும் நிஜம். வெட்டிய காகிதத்தை விரித்துப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டேக்கு மட்டும் இந்த இனிப்பை நான் செய்வதில்லை. போரில் உயிர் விட்டவர்களுக்கான நாள் அது. அன்று மகளும் நானும் சிவப்புக் க்ரேப் காகிதத்தில் பாப்பிப் பூக்கள் செய்து, மூன்றாவது வீட்டுப் பெரியவருக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இந்த வருடத்துக்கு வேலியோரம் சங்குப்பூக் கொடி ஒன்றை நட்டிருக்கிறேன். ஹூஸ்டன் புழுக்கம் அதற்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது, ஜூன் முதல் வாரமே பூத்துவிட்டது. தினமும் காலையில் பறித்து, சமையலறை ஜன்னல் ஓரத்தில் தட்டில் உலர்த்திக்கொண்டிருக்கிறேன்.